மாசி மாதத்து ஃபேன்

வெளிநாட்டில் நான் குடியிருக்கும் ஐசலினில் நேற்று பனி கொட்டியது. இன்று மத்தியானம் வெயில் சுள்ளென்று அடிக்கிறது. இது குளிர்காலமா, வசந்தமா என்று யாரைக் கேட்பது? ஹீட்டரை நிறுத்திவிட்டு, நாலு மாதமாக ஓடாமல் கிடந்த ஃபேனைப் போட்டேன். இறக்கையிலிருந்து கிளம்பிய தூசி வாசனை என்னை நேராகக் கோயம்புத்தூர் வீட்டில் கொண்டுபோய் இறக்கியது.

அங்கே மாசி மாதமும் இப்படித்தான். விடிகாலையில் பனி, பகலில் புழுக்கம். ஞாயிற்றுக்கிழமை சாப்பாடு முடிந்து படுத்ததும், "ஏனுங்க, வேகுது" என்று அம்மா ஃபேனைப் போடுவாள். கழுத்தில் மஃப்ளரோடு அப்பா எழுந்துபோய் நிறுத்துவார்.

"பனி இன்னும் போகலை. பாப்பாவுக்குச் சளி புடிச்சுக்கும்."

அவர் கண்ணயர்ந்ததும் அம்மா மறுபடி போடுவாள். அவர் மறுபடி நிறுத்துவார். நடுவில் படுத்திருக்கும் எனக்கோ போர்த்திக்கொள்வதா, போர்வையை உதறுவதா என்றே தெரியாது. அவர்கள் சண்டை போடுகிறார்களா, விளையாடுகிறார்களா என்பதும் கடைசிவரை விளங்கவில்லை.

அப்பா போன வருஷம் இறந்துபோனார். அம்மா இப்போது என்னோடு இருக்கிறாள். சோபாவில் உட்கார்ந்து சுழலும் ஃபேனையே பார்த்துக்கொண்டிருந்தவள், எழுந்துபோய் அதை நிறுத்தினாள்.

"ஏம்மா, குளிருதா?"

"இல்ல கண்ணு, வேகுது."

"அப்புறம் எதுக்கு நிறுத்துன?"

"யாராச்சும் நிறுத்தோணுமில்ல?"

சுவிட்ச் பக்கத்தில் நின்றுகொண்டிருக்கிறேன். மறுபடி போடுவதா, வேண்டாமா?