சேவியர் சொன்னதில் ஜோஸ்பின் நம்பியது

பாகூர் பக்கம் நடவுக்கும் கரும்பு வெட்டுக்கும் போகிற ஜோஸ்பினுக்குப் பொய் என்றாலே ஆகாது. அதனால்தான் புருஷன் சேவியர் ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பிய புதிதில் அவள் ரொம்பவும் தவித்துப் போனாள். அரியாங்குப்பம் அருகே பைக்கிலிருந்து விழுந்து தலையில் அடிபட்டவன். கைகால் தேறிவிட்டது. ஆனால் சாப்பிடாமலே சாப்பிட்டேன் என்பான். வாசலைத் தாண்டியிருக்க மாட்டான். திருக்கனூர் சந்தைக்குப் போய்வந்ததாகக் கத்தரிக்காய் விலை வரைக்கும் சொல்வான்.

"ஏன் இப்படிப் புளுகுற?" என்று தினமும் சண்டை.

டாக்டர்தான் விளக்கினார். "பொய் சொல்லலம்மா. ஞாபகத்துல ஓட்டை விழுந்த இடத்த மூளையே எதையாவது போட்டு அடைச்சிடுது. அவருக்கு அது நெசமாவே நடந்த மாதிரிதான் இருக்கும். நம்ம எல்லாருக்குமே கொஞ்சம் நடக்குறதுதான்."

அன்றோடு சண்டையை விட்டாள். மாத்திரை, கேஸ் அடுப்பு விஷயத்தில் மட்டும் தானே போய்ப் பார்த்துக்கொண்டாள். மற்றதையெல்லாம் காதுகொடுத்துக் கேட்டாள். கேட்கக் கேட்க ஒன்று பிடிபட்டது. நடக்காததைச் சொல்லும்போது அவன் பேச்சு எங்கேயும் தடுமாறாது.

ஒருநாள் மத்தியானம் சேவியர் முழங்கால்வரை சேற்றோடு வந்து நின்றான். "வீரப்பன்... வாய்க்கால்ல... எழுந்திரிக்கல."

"எந்த வாய்க்கால்?"

"தெர்ல" என்று நெற்றியைத் தேய்த்தான்.

பக்கத்து வீட்டு காசம்மாள் சிரித்தாள். "நேத்து ஏரியில முதலை பாத்தேன்னாரு. நீ வேலையப் பாரு."

"கதையா இருந்தா தடுமாற மாட்டாருக்கா" என்று சொல்லிவிட்டு ஜோஸ்பின், தான் வெட்டுக்குப் போகிற பெரியவர் வீரப்பனின் கரும்புக் கொல்லைக்கு ஓடினாள்.

மோட்டார் கொட்டகைக்குப் பின்னால் அவர் வாய்க்காலுக்குள் சரிந்து கிடந்தார். இடுப்பு எலும்பு முறிந்திருந்தது. தண்ணீர் மார்வரைக்கும் ஏறிவிட்டது. இறங்கி அவர் தலையைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு அவள் போட்ட சத்தத்தில்தான் ஆட்கள் வந்து சேர்ந்தார்கள்.

தேறியதும் வீரப்பன் கம்பு ஊன்றி அவர்கள் வீட்டுக்கு வந்தார். சேவியரின் கையைப் பிடித்துக்கொண்டு, "உன்னாலதான்பா பொழச்சேன்" என்றார்.

சேவியர் விழித்தான். அவனுக்கு அதில் எதுவுமே நினைவில்லை. ஜோஸ்பின் நடந்ததைச் சொன்னாள். யாரோ ஒருவர் செய்ததைப் போல ஆசையாகக் கேட்டான்.

"நானா வந்து சொன்னேன்?"

"நீதான்."

அதையும் அவன் மறந்துவிடுவான். அவள் திரும்பச் சொல்வாள், நடந்ததற்கு மேல் ஒரு வார்த்தை கூட்டாமல்.