பத்துக்கு ரெண்டு

சிட்லபாக்கம் ஏரிப் பக்கம் போகும்போதெல்லாம் அவர் ஞாபகம்தான். அங்கே பிசியோதெரபி கிளினிக்கில் எனக்குப் பக்கத்துக் கட்டில். என்னைப் போலவே முழங்கால் மூட்டை மாற்றிக்கொண்டவர். தாம்பரம் ஸ்டேஷனில் டிக்கெட் கொடுத்து ஓய்வு பெற்றவர். கொண்டையில் தினமும் கனகாம்பரம் இருக்கும். காலை மடக்கும்போது மட்டும் புடவைத் தலைப்பை விரலில் இறுக்கிச் சுற்றிக்கொள்வார்.

"வலி பத்துக்கு எவ்ளோம்மா?" என்று தெரபிஸ்ட் கேட்பார்.

"ரெண்டு" என்பார், வாசலில் உட்கார்ந்திருக்கும் மகளுக்கும் கேட்கும்படி.

மகள் வராத ஒரு நாள், "ஆபரேஷன் ஆகி வருஷமாச்சே அக்கா, நிஜமாவே ரெண்டுதானா?" என்றேன்.

"ஏழு" என்று சிரித்தார். "முன்னாடி ஒன்பது. இவ படிப்பு, கல்யாணம், பிரசவம்னு எட்டு வருஷம் மாத்திரையிலயே ஓட்டிட்டேன். அவ்ளோ நாள் வலியோட இருந்தா, மூட்டை மாத்தினாலும் சிலருக்கு விடாதாம். டாக்டர் இப்போ சொல்றார். அவர் அப்பவே வலி எவ்ளோன்னு கேட்டார்தான். பொண்ணு பக்கத்துல நிக்கறா, நான் என்ன சொல்லுவேன்?"

அந்த மாதமே பெருங்களத்தூர் ஃபிளாட்டுக்குக் குடிபோய்விட்டார்கள்.

அடுத்த முறை என்னை அழைத்துவர என் மகன் லீவு போட்டிருந்தான். "வலி எவ்ளோம்மா?" என்றார் தெரபிஸ்ட். மகன் போனிலிருந்து தலை நிமிர்ந்தான்.

"ரெண்டு" என்றேன். அப்புறம்தான் பார்த்தேன், என் விரலிலும் தலைப்பு சுற்றியிருந்தது.