நாவல் மரத்தில் கட்டிய மஞ்சள் துணி

அந்தக் காலத்தில் எங்கள் ஏற்காட்டு மலையில் மரத்துக்குச் சிவப்புப் பெயிண்ட் அடித்தால் ஒரே அர்த்தம்தான். காப்பி எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டர், நிழலுக்கு நட்ட சில்வர் ஓக் மரத்தில் சிவப்புக் கோடு போட்டுவிட்டுப் போனால், பின்னாலேயே ரம்பம் வரும். அதனால்தான் ஒருநாள் காலை, ஏரிக்கரைக் காப்புக்காட்டு வழியாக வேலைக்குப் போன எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. வழி நெடுக மரங்களில் சிவப்புக் கோடு. நாங்கள் பழம் பொறுக்கும் பெரிய நாவல் மரத்திலும்!

மகளை வயிற்றில் வைத்திருந்தபோது, வாய்க்கு வேறு எதுவும் பிடிக்காமல் அந்தப் பழத்தையே தின்று கிடந்தவள் நான். அதை வெட்டுவதா? எனக்குச் சும்மாவே மூக்குக்கு மேல் கோபம். வேலைக்கு மட்டம் போட்டு, கூட வந்த நாத்தனாரையும் மற்றப் பெண்களையும் மரத்தைச் சுற்றி உட்காரவைத்துவிட்டேன்.

வனக்காவலர் வந்தார். சேலத்துக்காரர், சாது.

"ஏனுங்க, இங்க என்னுங்க கூட்டம்?"

"எங்களை வெட்டிப்போட்டு அப்புறம் மரத்தை வெட்டுங்க!" என்றேன்.

"வெட்டறதுக்கு யாருங்க வந்தா? ஏரியோரமா ஜனங்க நடக்கறதுக்குப் பாதை தொறக்கறோமுங்க. வழி தெரியறதுக்குத்தான் கோடு."

மனசு குளிர்ந்தது. ஆனாலும் நான் எழவில்லை.

"நாளைக்கு மரம் வெட்டற ஆளு வந்தா, அவனுக்கு இது வழிக்கோடுன்னு தெரியுங்களா? அழிச்சிருங்க."

"அழிச்சா நேராப் போயி சேத்துல விழுவாங்க. பாதை இங்கதானுங்க திரும்புது."

நாத்தனார் தன் தலையில் கட்டியிருந்த மஞ்சள் துணியை அவிழ்த்து, பாதை திரும்பும் பக்கத்துக் கிளையில் கட்டினாள். "இதைப் பாத்துத் திரும்பச் சொல்லுங்க" என்றாள். காவலர் சிரித்துக்கொண்டே என் அரிவாளை வாங்கிக் கோட்டைச் சுரண்டினார்.

பாதை திறந்தது. சுற்றுலா வந்தவர்கள் துணியைப் பார்த்துத் திரும்பியதோடு நிற்கவில்லை. யாரோ மரத்துக்குக் குங்குமம் வைத்தார்கள். யாரோ கற்பூரம் கொளுத்தப் போக, காட்டில் நெருப்பு வேண்டாமென்று காவலர் கத்திக்கொண்டே ஓடினார். எங்களுக்குச் சிரித்து மாளவில்லை. துணி நைந்தால் யாராவது புதிதாகக் கட்டிவிடுவார்கள்.

சில வருஷம் கழித்துப் பாதையை அகலப்படுத்த வந்தார்கள். இந்த முறை நிஜமாகவே ரம்பம் வந்தது. ஆனால் பக்கத்து வாழவந்தி கிராமத்திலிருந்து வந்த வேலையாட்கள் மஞ்சள் துணியைக் கண்டதும் ரம்பத்தைக் கீழே வைத்துவிட்டார்கள்.

"சாமி மரமுங்க. நாங்க தொட மாட்டோமுங்க."

புதிதாக வந்திருந்த அதிகாரி, வேலைக்குப் போய்க்கொண்டிருந்த எங்களைக் கூப்பிட்டார்.

"இது என்ன சாமிம்மா?"

"நொம்பப் பழைய சாமிங்க" என்றேன்.

நாத்தனார் கண்ணை மூடிக் கும்பிட்டுக்கொண்டிருந்தாள். அவள் தோள் மட்டும் குலுங்கியது. அதிகாரி மரத்தை அண்ணாந்து பார்த்தார். பாதையைச் சுற்றிக்கொண்டு போகச் சொன்னார். பிறகு குனிந்து ஷூவைக் கழற்றினார்.