பக்கத்து இருக்கைக்கும் ஒரு டிக்கெட்

இது நடந்தது. நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன். தீவின் பெயரை மட்டும் சொல்ல மாட்டேன். இன்றைக்கும் பிள்ளைகள் அங்கே கடலுக்கடியில் மீன் பார்க்கப் போகிறார்கள். தீவுக்காரர்களின் பிழைப்பில் மண் போட எனக்கு ஆசையில்லை.

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று சிலர் கிளம்பி வருவீர்கள். வாருங்கள். ஆனால் அந்த இரவில் நான் அரளவில்லை. பேய் வரவேண்டும் என்று கெஞ்சிக்கொண்டிருந்தேன். வராமல் போய்விடுமோ என்பதுதான் என் பயமே.

1994 ஜூலை மாதம். கிள்ளானில் காப்பார் சாலைப் பக்கம் எங்கள் வீடு. நான் சீதாலெட்சுமி. அப்போது இருபத்தெட்டு வயது, கையுறைத் தொழிற்சாலையில் வேலை. அப்பா நடேசன் காலமாகி வெகுநாள் ஆகிவிட்டது. வீட்டில் அம்மா மாரியாயி, நான், தம்பி நாகையா. மூன்றே பேர். தம்பி பலகை ஆலையில் வேலை செய்தான். பத்தொன்பது வயதில் அங்கே ரம்பம் அவனுடைய வலது கையில் நடுவிரலையும் மோதிர விரலையும் பாதியோடு வாங்கிக்கொண்டது. அதன் பிறகு அந்தக் கையைச் சட்டைப்பைக்குள் விட்டுக்கொண்டுதான் நடப்பான்.

யாரோ கொடுத்த நாட்காட்டியில் பவளப்பாறைப் படம் ஒன்று இருந்தது. மஞ்சள் மீன், நீலத் தண்ணீர். அதைப் பார்த்த நாளிலிருந்து அவனுக்குப் பித்து. கோலாலம்பூர் பெட்டாலிங் ஸ்ட்ரீட்டில் முகக்கண்ணாடியும் மூச்சுக்குழாயும் வாங்கி வந்தான். குளியலறைத் தொட்டிக்குள் தலையை விட்டுப் பழகினான். "தொட்டியில மீன் இருக்காடா?" என்று கேலி செய்வேன். "இருக்குக்கா, உன்னை மாதிரியே முழிக்குது" என்பான். கூட்டாளிகள் வருகிறேன் வருகிறேன் என்று கடைசியில் கைவிட்டார்கள். தனியாகவே கிளம்பினான். எந்த பஸ், எங்கே இறங்கவேண்டும், படகு எத்தனை மணிக்கு என்று எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி, அதில் ஒரு பிரதியை ஐஸ் பெட்டிக் கதவில் ஒட்டிவிட்டுப் போனான்.

மூன்றாம் நாள் போலீஸ் வந்தது. கடற்கரைப் பாறையில் அவனுடைய செருப்பும் பையும் கிடந்தனவாம். அவன் இல்லை. எட்டு நாள் தேடினார்கள். உடலும் கிடைக்கவில்லை.

அம்மா சோற்றைத் தொடவில்லை. கதவோரமே உட்கார்ந்திருந்தாள். "புள்ள தண்ணியில நிக்கிறான்டி. அவனுக்குக் குளிருது" என்று இதே பேச்சுதான். கன்னம் ஒட்டி, கண் உள்ளே போய்விட்டது. ஒரு சாவு போதாதென்று இன்னொன்றையும் பார்க்கப்போகிறேன் என்று நினைத்தேன்.

பதினோராம் நாள் கோயில் பூசாரி ரெங்கசாமி வீட்டுக்கு வந்தார்.

"வெளியூர்ல போன உசுரு வழி தெரியாம அங்கேயே நிக்கும்மா. கூடப்பொறந்தவ போய் கூப்புட்டா வரும். எலுமிச்சம்பழத்தக் கடல்ல போட்டு, அவன் பேரு, அப்பா பேரு ரெண்டையும் சொல்லி மூணு தடவ கூப்புடு. பழம் கரைக்குத் திரும்பி வந்தா அவன் வந்துட்டான். கடத்தண்ணி மொண்ட செம்புல போட்டு மஞ்சத்துணி கட்டிரு. செம்பத் தரையில வைக்காத. ஏறுறப்பயும் எறங்குறப்பயும் 'வா'ன்னு சொல்லு. வீடு வர்ற வரைக்கும் அவன் பக்கம் பாக்காத. பஸ்ல அவனுக்கும் ஒரு டிக்கெட் எடு."

"டிக்கெட்டா?"

"அவ்ளோ தூரம் நின்னுக்கிட்டா வருவான்?"

அம்மா அப்போதுதான் வாய் திறந்து தண்ணீர் கேட்டாள். அந்தத் தண்ணீர் அவள் தொண்டையில் இறங்குவதைப் பார்த்தேன். வெறுங்கையோடு திரும்பக்கூடாது என்று முடிவு செய்தேன்.

ஐஸ் பெட்டியிலிருந்த தாளைக் கிழித்துக்கொண்டு கிளம்பினேன். அவன் எழுதியபடியே போனேன். கோலாலம்பூரில் புடுராயா பஸ் நிலையம், ராத்திரி பஸ், படகுத்துறை, படகு. அவ்வளவு தூரம் நான் தனியாகப் போனது அதுதான் முதல் தடவை. பயப்படக்கூட எனக்கு நேரமில்லை.

மறுநாள் பகல் 3.10. நல்ல வெயில். கடலில் பத்துப் பதினைந்து பேர், மூச்சுக்குழாய் மேலே நீட்டிக்கொண்டிருக்க, குப்புற மிதந்தார்கள். ஒவ்வொருவரிலும் தம்பியைத் தேடினேன். செருப்பு கிடந்த பாறையைக் காட்டச் சொல்லி, அங்கிருந்து பழத்தைப் போட்டேன்.

கூப்பிட வாயெடுத்தால் பெயர் வரவில்லை. வீட்டில் நான் அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே கிடையாது. "தம்பி, வாடா... தம்பி, வீட்டுக்கு வா... அம்மா சாப்பிடலடா, தம்பி..." அவ்வளவுதான் வந்தது. மூன்று தடவை ஆகிவிட்டது. பெயரும் சொல்லவில்லை, அப்பா பெயரும் சொல்லவில்லை.

பழம் எட்டப் போய் மறைந்தது. கடைசிப் படகு 4.00 மணிக்கு. படகுக்காரர் இரண்டு முறை கத்திக் கூப்பிட்டுவிட்டார். நான் முழங்கால் தண்ணீரில் நின்று அழுதேன்.

3.52. பழம் வந்தது. பாறைப் பக்கம் போட்ட பழம், கடற்கரையின் அடுத்த கோடியிலிருந்து, அலைகளுக்குக் குறுக்கே, நேராக என் காலுக்கு வந்தது. இது ஏன் அந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று நான் யோசிக்கவில்லை. எடுத்துக் கண்ணில் ஒற்றி, கடல்தண்ணீர் மொண்ட செம்பில் போட்டு மஞ்சள் துணி கட்டினேன். "வா தம்பி" என்று சொல்லிப் படகில் ஏறினேன்.

இரவு 8.30 பஸ். எட்டாம் எண், ஏழாம் எண் இருக்கைகள். ஜன்னல் பக்கம் அவனுக்கு. நான் நடைபாதைப் பக்கம், மடியில் செம்பு, பார்வை நேரே முன்னால். ஏறும்போது ஒருவர் இரண்டு டிக்கெட்டையும் வாங்கிக் கிழித்தார். இன்னொரு ஆள் எங்கே என்று கேட்பார், என்ன சொல்வது என்று தவித்துக்கொண்டிருந்தேன். அவர் கேட்கவேயில்லை.

11.05. விளக்கை அணைத்தார்கள்.

11.40. சொட்... சொட்... சொட்... செம்பைத் தடவிப் பார்த்தேன். துணி காய்ந்திருந்தது.

12.25. சாப்பாட்டுக்கு நிறுத்தினார்கள். நான் இறங்கவில்லை. திரும்பி ஏறிய டிரைவர் என் இருக்கை அருகே நின்று ஜன்னல் பக்கம் பார்த்தார். மலாயில் கேட்டார். "உன் தம்பிகிட்ட துண்டு இல்லையா? சீட்டெல்லாம் நனையுதே."

பயந்தேன் என்றா நினைக்கிறீர்கள்? எனக்குச் சந்தோஷத்தில் அழுகை வந்தது. வந்துவிட்டான்... என் தம்பி வந்துவிட்டான்.

2.15. என் இடது கைக்குள் ஒரு கை நுழைந்தது. ஈரம். ஐஸ் மாதிரி சில்லென்று. என் மணிக்கட்டைச் சுற்றிப் பிடித்துக்கொண்டது. நான் திரும்பவில்லை. "பயப்படாதடா, வீட்டுக்குப் போயிரலாம்" என்று மெல்லச் சொன்னேன். கை இறுகியது. அந்தக் கையில் ஏதோ ஒன்று சரியில்லை. என்ன என்று பிடிபடவில்லை.

4.10. காதோரம் ஒரு குரல். தண்ணீர் கொப்புளிக்கிற குரல்.

"அக்கா... அம்மா இன்னைக்கி மீன் கறி வப்பாங்களா?"

என் தம்பி மீன் கறி என்றால் உயிரை விடுவான். ஆனால் அது அவனுடைய குரல் இல்லை. தண்ணீரில் கிடந்த தொண்டை வேறெப்படி இருக்கும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

5.05. புடுராயா. கீழ்த்தளத்தில் ஒரே புகையும் இருட்டும். எந்தப் படிக்கட்டு என்று நான் தடுமாறினேன். அந்தக் கை இழுத்தது. சரியான படிக்குத்தான். பெட்டாலிங் ஸ்ட்ரீட் வழியே கிள்ளான் பஸ் ஸ்டேண்டுக்கும் அதுவேதான் என்னைக் கூட்டிப்போனது. வழியில் ஒரு இடத்தில்கூடத் தயங்கவில்லை.

5.45. கிள்ளான் பஸ். மறுபடியும் இரண்டு டிக்கெட். சொட்... சொட்...

6.55. வானம் வெளுத்தது. கை விலகியது. குனிந்து என் மணிக்கட்டைப் பார்த்தேன்.

ஈரத் தடம். ஒரு வலது கையின் தடம்.

ஐந்து விரல்.

ஐந்தும்... முழுசாக.

என் தம்பிக்கு இரண்டு விரல் பாதிதானே.

பஸ்ஸை நிறுத்தச் சொல்லி மணியை அடித்தேன். இரண்டு நிறுத்தம் முன்னாலேயே குதித்தேன். "வா" என்று சொல்லவில்லை. சத்தியமாகச் சொல்லவில்லை.

நடந்தேன். ஓடினேன். பின்னால்...

சளக்... சளக்... சளக்...

ஈரக்கால் சத்தம்.

செம்பு கனத்தது. சாக்கடையில் வீசிவிடலாமா? வீசினால் எங்கே போகும்? திரும்பினால்... எதைப் பார்ப்பேன்?

7.20. எங்கள் கேட்.

அம்மா நின்றாள். குளித்து, புடவை கட்டி, ஆரத்தித் தட்டோடு. பத்து நாளுக்கு மேலாகச் சோறு தின்னாத கால் நடுங்கிக்கொண்டிருந்தது. முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம்.

'கூப்பிடாதே, அம்மா. இது அவன் இல்லை.' சொல்லத்தான் வாயைத் திறந்தேன். சொல்லியிருந்தால் அவள் அங்கேயே விழுந்திருப்பாள். ஒரு நொடி... ஒரே ஒரு நொடி தயங்கினேன். என் வாழ்க்கையில் நான் செய்த பாவம் அந்த ஒரு நொடிதான்.

"வா ஐயா. உள்ள வா" என்றாள் அம்மா.

சளக்... சளக்...

என்னைக் கடந்து உள்ளே போனது.

அன்று அம்மா சாப்பிட்டாள். மீன் கறி வைத்தாள். இரண்டு தட்டுப் போட்டாள். பதினாறாம் நாள் காரியம் வேண்டாம் என்று பூசாரியைத் திருப்பி அனுப்பினாள். தம்பி அறையின் பாய் தினமும் காலையில் நனைந்து கிடக்கும். அவள் பிழிந்து வெயிலில் போடுவாள். நான் கூடத்தில் விளக்கை எரியவிட்டுப் படுத்தேன். ஒரு நாள் அம்மா என் காதில் ரகசியம் மாதிரிச் சொன்னாள். "பாத்தியாடி? புள்ளைக்கு வெரலு நல்லாயிருச்சு."

இருபத்து நான்காம் நாள். பகல் 11.15. பக்கத்து வீட்டுப் பவுனம்மாள் ஆன்டி ஓடிவந்து போன் என்றார். அவர் முகம் வெளுத்திருந்தது. எடுத்தேன்.

"அக்கா... நான்தான்."

என் தம்பியின் குரல். என் நாகையாவின் குரல். ஒன்றே ஒன்றுதான் கேட்டேன்.

"உன் வலது கையில எத்தனை வெரலு முழுசா இருக்கு?"

"என்னக்கா கேக்கற? மூணுதான்லா. ரெண்டு பாதி."

நீரோட்டம் அவனை வெளிக்கடலுக்கு இழுத்துப் போயிருக்கிறது. விடியற்காலையில் சயாம் மீன்பிடிப் படகொன்று தூக்கியிருக்கிறது. காய்ச்சலில் பேச்சில்லாமல், கையில் அடையாள அட்டை இல்லாமல், அந்த நாட்டு மருத்துவமனை ஒன்றில் யாரென்று தெரியாதவனாகக் கிடந்திருக்கிறான். நான்கு நாள் கழித்து கிள்ளானில் பஸ்ஸை விட்டு இறங்கினான். கட்டிக்கொண்டு அழுதேன். வீட்டைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. பெற்றவள் பார்த்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நம்பினேன்.

கேட்டருகே அவன் நின்றுவிட்டான்.

"அக்கா... ஜன்னல்ல என் சட்டையப் போட்டுக்கிட்டு நிக்கிறது யாரு?"

எனக்கு அங்கே யாரும் தெரியவில்லை.

அம்மா வெளியே வந்தாள். அவன் "அம்மா" என்று விழுந்து அழுதான். அவள் அவனுடைய வலது கையை எடுத்தாள். நெடுநேரம் பார்த்தாள். பாதி விரல்களைத் தடவினாள். பிறகு மெதுவாகக் கையை விட்டாள்.

"நீ வீடு மாறி வந்துட்டப்பா. என் புள்ளைக்கு வெரலு முழுசா இருக்கு."

கதவு சாத்தப்பட்டது. உள்ளே தட்டு வைக்கும் சத்தம் கேட்டது.

ஐந்து வருடம் ஆகிறது. தம்பி பூச்சோங்கில் குடியிருக்கிறான். அந்த வீட்டுப் பக்கம் வருவதில்லை. அம்மா நன்றாக இருக்கிறாள், முன்னைவிடத் தெம்பாக. இரண்டு தட்டுதான் இன்னும். பூசாரி ஒரு முறை வாசல் வரை வந்து, உள்ளே பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார். 'அந்தப் பெண்பிள்ளையை அனுப்பிய நான்தான் குற்றவாளி' என்று பிறகு யாரிடமோ சொன்னாராம். அவரில்லை. பெயர் சொல்லாமல் கூப்பிட்டது நான். வாயை மூடிக்கொண்டு நின்றதும் நான்.

கதவு சாத்திய அன்று, பஸ் ஸ்டேண்ட் சாப்பாட்டுக் கடையில் தம்பி சொன்னதை இதுவரை யாரிடமும் சொல்லவில்லை. நடந்ததையெல்லாம் நான் அவனிடம் சொல்லி முடித்தபோது தேத்தண்ணீர் ஆறிப்போயிருந்தது. அவன் தலையைத் தூக்காமல் பேசினான்.

"ராத்திரி முழுக்க ஒரு மிதவையப் புடிச்சிக்கிட்டு கெடந்தேன்க்கா. பக்கத்துல இன்னொருத்தன். நம்ம தமிழன்தான். ரொம்ப நாளா இங்கதான் இருக்கேன், கூப்புட ஆளு வரலன்னான். தூங்காத, தூங்குனா போயிருவ, ஏதாச்சும் பேசுன்னான். வீடு எங்க, எந்த பஸ்ல ஏறணும், அம்மா என்ன சமைக்கும்னு கேட்டுக்கிட்டே இருந்தான். எல்லாத்தையும் சொன்னேன். அவனாலதான் நான் இன்னைக்கி உசுரோட இருக்கேன். விடியக்கால போட் வந்துச்சு. இன்னொருத்தன் இருக்கான்னு கத்துனேன். யாரும் இல்லன்னுட்டாங்க."

"அப்புறம்?"

"போட் கிட்ட வர்றப்ப கடைசியா ஒண்ணு கேட்டான்க்கா. 'உன் அக்கா உன்னத் தேடி வருமா'ன்னு. கட்டாயம் வரும், என்னை விட்டுட்டு இருக்காதுன்னேன்."

தம்பி என் இடது மணிக்கட்டைப் பார்த்தான்.

"'அப்ப நீ போட்ல போ. நான் அக்காகூட வந்துர்றேன்'னான்."