செங்கமலம் இரண்டு தடவை அடைத்த கடன்

ஒரகடம் போகிற ரோட்டில் புதிதாக எழும்பிக்கொண்டிருக்கும் கம்பெனிக்குள் போனால், வடக்குக் காம்பவுண்டு பக்கம் தலையில் கலவைச் சட்டியோடு ஒரு சித்தாளைப் பார்க்கலாம். பெயர் செங்கமலம். வயது ஐம்பதை நெருங்குகிறது. அவள் கலவை கொட்டுகிற இடம் மூன்று வருஷத்துக்கு முன்னால் வரை அவளுடைய நெல் வயல். மேஸ்திரிக்கு அது தெரியாது. தெரிந்தாலும் கூலியில் எட்டணா கூட்டித் தரப்போவதில்லை.

நான் பத்திரம் எழுதுகிறவன். ஸ்ரீபெரும்புதூர் ரிஜிஸ்தர் ஆபீஸுக்கு எதிரில் முப்பது வருஷமாக மேஜை போட்டு உட்கார்ந்திருக்கிறேன். ஏகாம்பரநாதன் என்று பெயர் வைத்தார்கள், ஊருக்கெல்லாம் ரைட்டர். செங்கமலத்தின் கதையை எழுத எனக்கு யோக்கியதை கிடையாது. இருந்தாலும் வேறு யாரும் எழுதப்போவதில்லை என்பதால் எழுதுகிறேன்.

அறுபத்து நாலாம் வருஷம் அவள் புருஷன் கோதண்டம் கிணறு தோண்டக் கிளம்பினான். ஒரே ஒரு ஏக்கர் நிலம், ஏரிப் பாசனம். ஏரி நிரம்பினால் ஒரு போகம், நிரம்பாவிட்டால் அதுவும் இல்லை. கிணறு வேண்டும் என்று நினைத்ததில் தப்பே கிடையாது. அரிசி மில் வைத்திருந்த தாண்டவராயனிடம் அந்த ஏக்கரை அடமானம் வைத்து இரண்டாயிரம் ரூபாய் வாங்கினான். நூற்றுக்கு மாதம் ஒரு ரூபாய் வட்டி, ஏழு வருஷத் தவணை. பத்திரம் எழுதியது நான்தான். இருபத்தைந்து அடியில் பாறை வந்தது. வெடி வைத்தான், அதற்குக் கீழேயும் பாறை. பணம் தீர்ந்தபோது வயல் நடுவில் ஒரு பள்ளம்தான் மிச்சம். மூன்றாம் வருஷம் மஞ்சள் காமாலை வந்து அவனும் போய்ச்சேர்ந்தான். செங்கமலத்துக்கு அப்போது முப்பது வயது, இடுப்பில் மரகதம் என்று ஒரு பெண் குழந்தை.

நிலத்தை விற்றுக் கடனை அடைத்துவிட்டுப் பிறந்த வீட்டுக்குப் போ என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். நானும் சொன்னேன். சொல்வதற்கு என்ன, காசா பணமா? அவள் யார் பேச்சையும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. நடவுக்குப் போனாள், களையெடுக்கப் போனாள், ஏரிக்கரைக்கு மண் கொட்டப் போனாள். ஒரு எருமையைப் பாதிப் பங்கு என்று வாரத்துக்குப் பிடித்து, பாலைத் தலையில் வைத்துக்கொண்டு படப்பைக்கு நடந்தாள். ஒவ்வொரு மாதமும் முதல் தேதி மில் வாசலில் வட்டிப் பணத்தோடு நிற்பாள். ஒரு வருஷம் அடைமழையில் முழங்கால் தண்ணீரில் நடந்து வந்தவளைத் தாண்டவராயனே திட்டினார்.

"ஏம்மா, மழ வுட்டப்பறம் வந்தா நான் இன்னா நிலத்தையா புடுங்கிக்கப் போறேன்?"

"நீ புடுங்க மாட்டே மாமா. எனக்குத் தூக்கம் வராது" என்றாள்.

மாமா என்பது வாய்ப்பேச்சுக்கு இல்லை. தாண்டவராயன் அவள் அம்மா வழியில் தூரத்து உறவு. கறாரான ஆள், ஆனால் அடுத்தவன் காசில் ஒரு பைசா தொடமாட்டார். அப்படிப்பட்டவரிடம் கடன்பட்டதை அவள் ஒரு அதிர்ஷ்டம் போலவே பேசுவாள். எனக்கு எரிச்சலாக இருக்கும்.

வட்டி போக அசலிலும் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்தாள். மகளுடைய காதில் கிடந்த கம்மலும் அதில்தான் போயிற்று. பள்ளிக்கூடம் போகவேண்டிய பெண் எருமைக்குப் புல் அறுத்தாள். எழுபத்தாறு தை மாதம் கடைசி நூற்று நாற்பது ரூபாயைக் கொண்டுவந்து மில்லில் வைத்தாள். வேறொரு பத்திர விஷயமாக நானும் அன்றைக்கு அங்கே இருந்தேன். தாண்டவராயன் பணத்தை வாங்கிக்கொண்டு, இரும்புப் பெட்டியைத் திறந்து, நான் பன்னிரண்டு வருஷத்துக்கு முன் எழுதிய அடமானப் பத்திரத்தை எடுத்து அவள் கையில் கொடுத்தார்.

இந்த இடத்தில் எங்கள் பக்கத்து வழக்கம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். கடன் தீர்ந்து திரும்பி வந்த பத்திரத்தை வீட்டில் வைக்கமாட்டார்கள். கடன் காகிதம் வீட்டில் கிடந்தால் கடன் மறுபடியும் வாசல் ஏறும் என்று ஒரு பயம். கொடுத்தவரையும் கூப்பிட்டு, அவர் கண்ணெதிரே அதை அடுப்பில் போட்டு, அந்த நெருப்பில் பொங்கல் வைத்துவிடுவார்கள்.

எனக்கு நாக்கு அரித்தது. "செங்கமலம், கடன் தீர்ந்ததுக்கு ஒரு ரசீது எழுதி ரிஜிஸ்தர் பண்ணிடும்மா. ஆபீஸ் புஸ்தகத்துல உன் நிலம் இன்னும் அடமானம்னுதான் இருக்கும். அதுவரைக்கும் இந்தப் பத்திரத்தைப் பத்திரமா வெச்சுக்க" என்றேன்.

அவள் பதறிப்போய்த் தாண்டவராயன் முகத்தைப் பார்த்தாள். "ஐயே, இன்னா ரைட்டரே பேசறீங்க? மாமாகிட்ட போய்க் கையெழுத்து கேக்கறதா? எந்த மூஞ்ச வெச்சிக்கினு கேப்பேன்?"

தாண்டவராயன் சிரித்தார். "ரைட்டருக்கு ரசீது எழுதுனாதானே கூலி."

மில்லில் எல்லோரும் சிரித்தார்கள். நானும் சேர்ந்து சிரித்தேன். மாதத்துக்குப் பத்துப் பத்திரம் கொண்டுவந்து கொடுக்கிற மனிதரை எதிர்த்து, இல்லை ஐயா, சட்டம் இப்படி என்று பேச எனக்கு வாய் வரவில்லை. அன்று சாயங்காலமே அவள் வீட்டு வாசலில் பொங்கல் வைத்தாள். பத்திரம் நன்றாக எரிந்தது. தாண்டவராயனுக்கும் எனக்கும் வாழையிலையில் வைத்துக் கொடுத்தாள். அவள் அப்படிச் சிரித்து நான் அதற்கு முன்பும் பார்த்ததில்லை, பிறகும் பார்த்ததில்லை.

மூன்று வருஷம் கழித்துத் தாண்டவராயன் இறந்தார். மில்லும் இரும்புப் பெட்டியும் மகன் ஜெகநாதன் கைக்கு வந்தன. ஜெகநாதனுக்கு நெல் குத்துவதில் நாட்டமில்லை. மெட்ராஸ் ஆட்களுக்கு நிலம் பிடித்துக் கொடுக்கிற வேலையில் இறங்கினான். என் மேஜைக்கு வருகிற பத்திரங்களில் பாதி அவன் கொண்டுவருவதுதான் என்று ஆயிற்று.

எண்பத்திரண்டில் தொழிற்சாலைக்காக நிலம் எடுக்கிறோம் என்று சர்க்கார் நோட்டீஸ் வந்தது. செங்கமலத்தின் ஏக்கரும் அதில் அடக்கம். அழுதாள், தாலுகா ஆபீஸுக்கு நடந்தாள், பிறகு மனசைத் தேற்றிக்கொண்டாள். நஷ்ட ஈடு பதினாலாயிரம் ரூபாய் என்றார்கள். ஏரிக்கு அந்தப் பக்கம் அறுபது சென்ட் நஞ்சை பதிமூன்றாயிரத்துக்கு விலைக்கு இருந்தது. இருநூறு ரூபாய் முன்பணம் கொடுத்து, தைக்குள் பாக்கியைத் தருகிறேன் என்று பேசி முடித்தாள். அளவு குறைந்தால் என்ன, தன் மண்ணில் தான் நாற்று நடலாம் என்பதுதான் அவள் கணக்கு.

நஷ்ட ஈட்டைக் கொடுப்பதற்கு முன்னால் சர்க்கார் ஆட்கள் அவள் ஏக்கருக்கு வில்லங்கம் போட்டுப் பார்த்தார்கள். ஆபீஸ் புஸ்தகம் உள்ளதைச் சொல்லிற்று. அறுபத்து நாலில் தாண்டவராயனிடம் இரண்டாயிரத்துக்கு அடமானம். தீர்ந்ததாகப் பதிவு இல்லை. தாண்டவராயனின் வாரிசு கையெழுத்துப் போட்டால் பணம் கைக்கு வரும், இல்லாவிட்டால் கோர்ட்டில் கட்டிவிடுவோம் என்றார்கள்.

செங்கமலம் நேராக மில்லுக்குப் போனாள். ஜெகநாதனைச் சின்னப் பிள்ளையில் இடுப்பில் தூக்கித் திரிந்தவள் அவள். அவன் நாற்காலி போட்டு உட்காரவைத்து, சோடா வாங்கிக் கொடுத்துவிட்டுச் சொன்னான்.

"அக்கா, நீ குடுத்தியா குடுக்கலியான்னு எனக்கு இன்னா தெரியும்? பேப்பர் இன்னா சொல்லுதோ அதான். அசலும் வட்டியும் மத்த செலவும் சேர்த்தா ஏழாயிரம் ஆவுது. அத்தக் குடுத்துட்டு மீதிய நீ எடுத்துக்கினு போ. கையெழுத்து போட்றேன்."

"உங்கப்பா நோட்டுல எழுதிக்கினு வந்தாரே, அத்தப் பாருடா."

"எந்த நோட்டு? மில்லுக்கு வெள்ள அடிச்சப்ப பழைய குப்பையெல்லாம் போட்டாச்சிக்கா."

அங்கிருந்து என்னிடம் வந்தாள். பத்திரம் அவள் கையில் இருந்திருந்தால் அதுவே பெரிய அத்தாட்சி. கடன் தீராமல் கொடுத்தவன் பத்திரத்தைத் திருப்பித் தருவானா என்று எந்தக் கோர்ட்டும் கேட்கும். அந்த அத்தாட்சியைத்தான் அடுப்பில் போட்டிருந்தாள். அதைவிட்டால் பார்த்த கண்கள்தான். மில் ஆட்கள் ஜெகநாதனிடம் சம்பளம் வாங்குகிறவர்கள். மீதி ஒரே ஆள் நான்.

மேஜைக்கு முன்னால் தரையில் உட்கார்ந்துகொண்டாள். "ரைட்டரே, அன்னைக்கி நீங்க மில்லுல இருந்தீங்க. கடைசி நூத்தி நாப்பது ரூபாய நான் குடுத்தத உங்க கண்ணால பாத்தீங்க. பத்திரத்த எரிச்சப்பகூட பக்கத்துல நின்னுகினு இருந்தீங்க. கோர்ட்டுல வந்து அத்த மட்டும் சொல்லுங்க. எனக்கு வேற ஒண்ணும் வாணாம்."

வழக்குப் போட்டிருந்தால் ஜெயித்திருப்பாள் என்று இன்றும் எனக்குத் தோன்றுகிறது. கோர்ட்டில் சாட்சி சொன்னதற்காக யாரும் என்னைக் கொல்லப்போவதில்லை. ஜெகநாதன் தன் பத்திரங்களை அடுத்த மேஜைக்குக் கொண்டுபோயிருப்பான், அவ்வளவுதான். அந்த அவ்வளவுக்குப் பயந்துதான் நான் பொய் சொன்னேன்.

"எனக்குச் சரியா ஞாபகமில்லம்மா" என்றேன். "எத்தனையோ பேர் வர்றாங்க, போறாங்க. கோர்ட்டுன்னா நாலஞ்சு வருஷம் இழுக்கும். அதுவரைக்கும் ஒரு பைசா உன் கைக்கு வராது. இருக்கறத வாங்கிக்கினு போறதுதான் புத்திசாலித்தனம்."

அவள் என்னைத் திட்டியிருந்தால் தேவலை. மண் வாரித் தூற்றியிருந்தாலும் வாங்கிக்கொண்டிருப்பேன். புடவையில் ஒட்டிய மண்ணைத் தட்டிவிட்டு எழுந்து போய்விட்டாள். பிரசவத்துக்கு வந்திருந்த மகள் அப்போது எட்டு மாதக் கர்ப்பிணி. மீதி ஏழாயிரத்தில் அறுபது சென்டும் வாங்க முடியாது, வழக்கு நடத்தத் தெம்பும் இல்லை. பத்து நாள் கழித்து ஜெகநாதனோடு திரும்பி வந்தாள்.

தீர்வு ரசீதை நானே எழுதினேன். மேற்படி அடமானக் கடனும் வட்டியும் ரூபாய் ஏழாயிரத்துக்கு ஒத்துக்கொண்டு இன்றைய தேதியில் பூராவும் தீர்ந்தது என்று எழுதினேன். பன்னிரண்டு வருஷம் மழையிலும் வெயிலிலும் நடந்து அவள் தீர்த்த கடனை, அன்றைக்குத்தான் தீர்க்கிறாள் என்று என் கையெழுத்தில் எழுதினேன். ஒரு எழுத்துப் பிழை இல்லை. பதிவு முடிந்ததும் ஜெகநாதன் அவசர வேலை என்று பைக்கில் போய்விட்டான். அவள் மட்டும் மேஜைக்கு வந்தாள்.

"எழுதுன கூலி எவ்வளவு?"

"பதினஞ்சு ரூபா. உன்கிட்ட வாணாம்மா. போ" என்றேன்.

முந்தானை முடிச்சை அவிழ்த்து, ரூபாய் நோட்டுகளை ஒவ்வொன்றாக எண்ணி, மை புட்டிக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"வாங்கிக்கங்க ரைட்டரே. உங்களுக்குத்தான் எதுவும் ஞாபகம் இருக்கறதில்ல. நாளைக்கி நான் குடுக்கலன்னு சொல்லிடுவீங்க" என்றாள்.

பதினைந்து ரூபாய். எடுத்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன்.