வைரம் பூசிய மீன்பெட்டி

வெளியே நீலம், உள்ளே அடுப்புக்கரி போலக் கறுப்பு. கிளிஞ்சல்மேட்டில் எங்கள் வீட்டு வாசலில் அந்த மீன்பெட்டி வந்து இறங்கியபோது என் மாமியார் அதைத் தொடவேயில்லை. சுற்றிச் சுற்றி வந்து பார்த்தார். பிறகு விளக்குமாற்றுக் கட்டையால் மூடியை நெம்பித் திறந்தார். சுனாமிக்குப் பிறகு எங்கள் ஊருக்கு யார் யாரோ வந்து என்னென்னவோ கொடுத்து, போட்டோ எடுத்துக்கொண்டு போயிருந்தார்கள். கொடுக்கிற கையைப் பார்க்கும் முன் கேமரா எங்கே என்றுதான் மாமியார் தேடுவார்.

பெட்டியைக் கொண்டுவந்த ஆராய்ச்சிக்காரத் தம்பியிடம் கேமரா இல்லை. மாமியாருக்கு அதுவே பெரிய சந்தேகமாகிவிட்டது. கண்ணுக்குத் தெரியாத வைரத் துகளையும் கரியையும் கலந்து உள்பக்கம் பூசியிருப்பதாக அந்தத் தம்பி விளக்கினார். கிருமி அதில் ஒட்டிப் பெருகாதாம், கரி வாடையை இழுத்துக்கொள்ளுமாம். வைரமும் கரியும் அடிப்படையில் ஒரே பொருள்தான் என்றும் சொன்னார்.

“அப்படியா தம்பி? அப்ப எங்க அடுப்பக் கெளறுனா எனக்கு ஒரு சோடித் தோடு தேறுமா?” என்றார் மாமியார். தம்பி சிரித்தார். மாமியார் சிரிக்கவில்லை. வைத்துப் பார்த்துச் சொல்லுங்கள் என்று கெஞ்சாத குறையாகக் கேட்டுக்கொண்டு போனார் தம்பி.

மாமியாருக்கு எல்லார் மேலும் சந்தேகம். ஐஸ்காரர் மேல், ஏலம் விடுகிறவர் மேல், பஸ் கண்டக்டர் மேல், ஏன், நான் வைக்கிற குழம்பின் மேலும். கல்யாணமான புதிதில் எனக்கு எரிச்சலாக வரும். ஆனால் நாங்கள் பஸ்ஸில் போய் மீன் விற்கும் கோட்டுச்சேரித் தெருவில் அவர் மீனை இறக்கினால் யாரும் செவுளைத் தூக்கிப் பார்க்க மாட்டார்கள். அவர் வாய்ச்சொல் போதும். அந்தத் தெருக்காரர்கள் வைத்திருந்த நம்பிக்கையில்தான் எங்கள் வீட்டில் உலை கொதித்தது.

பெட்டி வேலை செய்தது, அதில் பொய்யில்லை. மிஞ்சிய மீனை ஐஸ் போட்டு வைத்து மறுநாள் திறந்தால் முகத்தைச் சுளிக்க வேண்டியதில்லை. பஸ்ஸில் யாரும் மூக்கைப் பொத்தவில்லை. எனக்கு அந்தப் பெட்டி ரொம்பவே பிடித்துப்போனது. மாமியார் மட்டும் தினமும் அதற்குள் தலையை விட்டு முகர்ந்து, “இதுல ஏதோ இருக்கு புள்ள” என்று முணுமுணுப்பார்.

ஒரு நாள் கடல் கொந்தளித்துப் படகு எதுவும் போகவில்லை. பெட்டியில் முந்தின நாள் பால்சுறா இருந்தது. சுறா கெடத் தொடங்கினால் நெடி மூக்கைத் துளைக்கும். அன்று ஒன்றுமே தெரியவில்லை; அதையே விற்க எடுத்துப் போனோம். கோட்டுச்சேரியில் எங்கள் பழைய வாடிக்கையான டீச்சரம்மா வாசலுக்கு ஓடிவந்தார். அவர் மகள் பிள்ளை பெற்றிருந்தாள், தாய்ப்பால் ஊறச் சுறாப்புட்டு செய்து கொடுக்க வேண்டும். குனிந்து முகர்ந்தார்.

“வாடையே இல்லையே! இன்னைக்கு வந்த மீன்தானேம்மா?”

மாமியார் வாயைத் திறந்தார். வெற்றிலை மெல்லுவதுபோல் வெறும் வாயை மென்றார்.

“நேத்து மீன் டீச்சரம்மா. புள்ள பெத்தவளுக்கு இது வேணாம். கடல் தணியட்டும், நானே கொண்டாந்து தர்றேன்” என்றார் கடைசியில்.

சுறாவை எடுத்துவந்து தென்னை மரத்தடியில் புதைத்தார். அது கெட்டுப்போயிருந்ததா, நன்றாகத்தான் இருந்ததா என்பது எங்களுக்குத் தெரியவே இல்லை.

தம்பி மறுபடி வந்தபோது பெட்டி திருப்பிக் கொடுக்கக் கழுவித் துடைத்து வாசலில் இருந்தது. “எதுல குறைன்னு சொல்லுங்கம்மா, சரி பண்ணிடறேன்” என்றார். பாவம், முகம் வாடிவிட்டது.

“பொட்டி மேல இப்ப எனக்குச் சந்தேகமில்ல தம்பி. நல்ல பொட்டி. அன்னிக்கு நான் ‘ஆமா’ன்னு சொல்ல வாயெடுத்துட்டேன். நாத்தம் இருந்தா அது முந்திக்கிட்டு உண்மையச் சொல்லிப்புடும். அதுவும் இல்லேன்னா நான் பொய் சொல்லாம என்னைய யாரு பாத்துக்கறது?”

மாமியார் போய்ச் சேர்ந்துவிட்டார். இன்று என் வீட்டு பிரிட்ஜின் உள்ளே, கிருமி அண்டாத கார்பன் பூச்சு என்று ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறது. அந்த மீன்பெட்டியை நினைத்துக்கொண்டு நானும் தினமும் தலையை விட்டு முகர்கிறேன். எதுவும் தெரிவதில்லை. நேற்று மதியம் வந்த விருந்தாளி, குழம்பை ஊற்றிக்கொண்டே, “மணக்குதே, இன்னைக்கு வச்சதா?” என்று கேட்டார். முந்தின நாள் குழம்பு என்று சொல்ல எனக்கும் கொஞ்ச நேரம் பிடித்தது.