நேரு பிளேஸில் ஹெட்செட் வாங்கியவர்

டெல்லி நேரு பிளேஸின் கம்ப்யூட்டர் கடையொன்றில் கிராபிக்ஸ் கார்டுக்குப் பேரம் பேசிக்கொண்டிருந்தேன். நடுவில் நான் போனில் தமிழ் பேசியதைக் கேட்டு ஒருவர் பக்கத்தில் வந்தார். ஐம்பத்தைந்து வயதிருக்கும். கையில்லாத ஸ்வெட்டர், கழுத்தில் அலுவலக அடையாள அட்டை. எந்தப் பெட்டியைக் கொடுத்தாலும் உள்ளங்கையில் வைத்துக் கனம் பார்த்துவிட்டுத்தான் விலை கேட்டார்.

கனடாவிலிருக்கும் மகனோடு ஞாயிறுதோறும் இணையத்தில் பேசிக்கொண்டே துப்பாக்கிச் சண்டை விளையாட்டு ஆடுகிறாராம். பழைய கம்ப்யூட்டர் திணறுகிறதாம்.

“உங்க பட்ஜெட்டுக்குக் கார்டு வராது சார். ரேம் போடுங்க, படம் நிக்காம ஓடும்” என்றேன்.

“பேச்சும் தெளிவா கேக்குமா தம்பி?”

“அதுக்கு நல்ல ஹெட்செட் வேணும். ரெண்டுல ஒண்ணுதான் வாங்க முடியும்.”

கையில் வைத்துப் பார்த்த ரேமைக் கடைக்காரரிடம் திருப்பிக் கொடுத்தார்.

“அப்ப ஹெட்செட்டே போதும். படம் நின்னா நிக்கட்டும். எப்படியும் அவன்தான் என்னையச் சுடுவான். சுட்டுட்டு ஒரு சிரிப்பு சிரிப்பான் பாத்துக்கிடுங்க, அதுதான் சரியா கேக்க மாட்டேங்கு.”

அதன்பிறகு என் கம்ப்யூட்டரில் எத்தனையோ பாகங்களை மாற்றிவிட்டேன். அப்போது என்னோடு விளையாடிய நண்பர்கள் ஊருக்கு ஒருவராகப் போய்விட்டார்கள். அவர்களில் யார் எப்படிச் சிரிப்பார்கள் என்று இன்று யோசித்தால், ஒருவருடையதும் நினைவுக்கு வரவில்லை.